வெகுளியும் நகையும் : ஒரு திரைத்தொகை பற்றிய ஆய்வு

மெய்ப்பாட்டியல் பாடம் நடக்கும் வகுப்பில் மாணவர் ஆண்டுதோறும் எழுப்பும் ஐயம் ஒன்று உண்டு. தொல்காப்பியர் நகையை எண்வகை மெய்ப்பாட்டின் தலையில் வைத்தார். வெகுளியை ஏழாவதாக வைத்தார். இவ்விரண்டும் ஒரே நிகழ்ச்சியில் ஒருங்கே தோன்றுதல் கூடுமோ என்பது அவர்தம் வினா. கூடும் என எளிதில் விடை கூறிவிடலாம். எவ்விடத்துக் கூடும், எவ்விடத்துக் கூடாது என்பதே அரிய வினா.

அதனை ஆராய்தற்கு எனக்கு மிகுதியும் துணைபுரிந்தது ஒரு திரைப்படம். அர்ஜென்டினா நாட்டவராகிய டாமியன் சிஃப்ரான் எழுதி இயக்கி, 2014ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்ற ‘ரெலாட்டோஸ் சல்வாகெஸ்’ என்பது அது. ஆங்கிலத்தில் ‘வைல்ட் டேல்ஸ்’ எனப் பெயர் பெற்றது. தம்முள் தொடர்பில்லாத ஆறு கதைகள் அதனுள் அமைந்துள்ளன. மாந்தரும் இடமும் வெவ்வேறு, பொருள் ஒன்றே. தமக்கு இழைக்கப்பட்ட தீங்கிற்காகத் தம்மையே இழந்து பழிவாங்கப் புகுவோர் கதைகள் அவை. நம் தொகைநூல் மரபை நினைந்து இதனைத் திரைத்தொகை என வழங்குவேன்.

உறுப்பினை அறுத்தல், குடியினர்க்குத் தீங்கு செய்தல், அலைத்தல், கொலை என்னும் நான்கினையும் வெகுளியின் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் கொண்டார். நான்கும் பிறர் செய்யும் தீங்குகள். ஆகவே வெகுள்வோன்பால் தொடக்கத்தில் நியாயம் உண்டு. நகைக்கோ எள்ளல், இளமை, பேதைமை, மடமை ஆகியன நிலைக்களன். நியாயத்தோடு தொடங்கிய வெகுளி பேதைமையுள் வழுக்கி விழும் இடத்தில் நகை பிறக்கின்றது எனக் கொள்ளின் இப்படத்தின் பெரும்பகுதி விளங்கிவிடும். முழுவதும் விளங்காது.

மூன்றாம் கதை இதற்கு எளிய சான்று. ஆளற்ற நெடுஞ்சாலையில் வழிவிடாத ஒரு காரோட்டியை மற்றொருவன் ஏசிச் செல்கின்றான். சிறிது தொலைவில் ஏசியவனின் சக்கரம் பழுதாக, ஏசப்பட்டவன் வந்து சேர்கின்றான். பின்னர் நிகழ்வன எல்லாம் ஒருவரையொருவர் அழித்தலே. இறுதியில் இருவரும் தழுவிய நிலையில் எரிந்து கிடக்கின்றனர். காவலர் அவர்களைக் காதலர் எனக் கருதுகின்றனர். நால்வகை நிலைக்களனுள் ஒன்றும் ஈண்டு இல்லை. இருப்பது ஓர் ஏச்சு மட்டுமே. இருவரும் நிகரானவர், இருவரும் தம் பேதைமைக்குத் தாமே விலை கொடுக்கின்றனர். நமது நகை தடையின்றி நிற்கின்றது.

நான்காம் கதை ஆழமானது. ரிக்கார்டோ டாரின் நடித்த பொறியாளன் வெடிவைத்துக் கட்டடம் தகர்ப்பதில் வல்லவன். மகளின் பிறந்தநாளன்று அவன் காரை நகர அதிகாரிகளின் இழுவை வண்டி கொண்டுசெல்கின்றது. குற்றம் செய்யவில்லை என்று அவன் கூறுவதைக் கேட்பாரில்லை. தண்டம் கட்டிய பின்னரே பேச்சு. வேலை போகின்றது, மனைவி மணமுறிவு கோருகின்றாள். இறுதியில் காரினுள் வெடியை வைத்து, அதிகாரிகளே அதனை இழுத்துச் செல்லுமாறு விட்டு, தொலைவிலிருந்து வெடிக்கச் செய்கின்றான். அலை என்பதற்குக் கோலால் அலைத்தல் முதலியவற்றைப் பழைய உரை கூறும். சாளரத்துக்குச் சாளரம் ஒருவனை நடக்கவைத்தலும் அலைத்தலே என இக்காலத்தார் விரித்துக்கொள்ளின் பிழையாகாது. அலைக்கழித்தல் என்னும் நம் வழக்குச் சொல் அதற்குச் சான்று. வட்டாட்சியர் அலுவலகத் திண்ணையில் ஒரு முற்பகல் இருந்தவர்க்கு இக்கதை புறநாட்டுக் கதையாகத் தோன்றாது.

ஆனால் மக்கள் அவனைத் தலைவனாகக் கொண்டாடுவதும், சிறையில் அவனுக்குப் பிறந்தநாள் விழா நிகழ்வதும் எதனால் நமக்கு இனிக்கின்றன? அவ்வெடியில் ஒருவரும் இறக்கவில்லை என்பதனால். அவன் சினம் கட்டடத்தைத் தீண்டிற்று, மனிதரை விலக்கிற்று. இந்த விலக்கே நாம் தேடும் திறவுகோல் என்பது என் கருத்து. இரண்டாம் கதையிலும் இதனைக் காணலாம். தன் குடியைக் கெடுத்த கந்துவட்டிக்காரன் உணவு விடுதிக்கு வரக் கண்ட பணிப்பெண்ணுக்கு, எலிமருந்தை உணவிற் கலக்கலாம் எனச் சமையற்காரி வழி சொல்கின்றாள். நாள்பட்ட நஞ்சு வலுவிழக்குமோ, வலுப்பெறுமோ என்னும் அவர்கள் ஆராய்ச்சி வரை நகையே. அவனுடைய மகன் வந்து அதே தட்டில் கைவைத்ததும் நகை நின்றுவிடுகின்றது. பணிப்பெண் தட்டைப் பறிக்க ஓடுகின்றாள்.

வெகுளியின் உச்சத்திலும் விலக்கு உண்டு என்பதனை நாம் இளங்கோவடிகளிடமே கற்றுள்ளோம். மதுரையை எரியூட்டப் புகும் கண்ணகி, தீத் தீண்டலாகாதவர் இவர் இவர் எனக் குழவியர், முதியோர் உள்ளிட்டோரை ஒதுக்கிய பின்னரே தீயை ஏவுகின்றாள். அவ்வொதுக்கல் இல்லையேல் அவள் தெய்வமாகாள். புலமைச் சினத்திற்கும் இந்நெறி பொருந்தும். எங்கள் விக்கிரமசிங்கபுரத்திற் பிறந்த சிவஞான முனிவர், வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தை மறுத்தெழுதிய நூலுக்குச் ‘சூறாவளி’ என்றே பெயரிட்டார். பெயர்தான் சூறாவளி, உள்ளே மறுக்கப்படுவது நூற்கருத்து. (சிற்றூர்ப் பெருமை பேசினேன் என்பார் பொறுத்தருள்க.)

விலக்கே இல்லாத வெகுளி படத்தின் முதற் கதையில் உள்ளது. வானூர்திப் பயணிகள் அனைவரும் பாஸ்டர்நாக் என்னும் ஒருவனை எக்காலத்தோ புண்படுத்தியவர்கள் என்பது பேச்சுவாக்கில் வெளியாகின்றது. ஊர்தி அவன் கையில் இருக்கின்றது. அவன் முகத்தை இயக்குநர் காட்டுவதில்லை. நகை பிறப்பது பயணிகளின் மருட்கையிலிருந்தே. ஆயினும் 2015 மார்ச் 24இல் ஜெர்மன்விங்ஸ் வானூர்தியைத் துணை விமானி மலையில் மோதச் செய்து 150 பேர் மாண்டபோது, இங்கிலாந்தின் திரையரங்குகள் இப்படத்திற்கு முன்னறிவிப்புத் தரவேண்டியதாயிற்று. கதையிற் பயணிகள் குற்றமுடையோராகப் புனையப்பட்டிருந்தமையால்தான் நாம் நகைத்தோம் என்பதனை அந்நிகழ்ச்சி வெளிப்படுத்திற்று.

ஐந்தாம் கதையே தொகையின் மணிமுடி என்பேன். நகை வேண்டுவோர் அதனைக் குறைபாடு என்பர்; அவரோடு நான் உடன்படேன். செல்வன் ஒருவனின் மகன் காரோட்டிச் சென்று கருவுற்ற பெண் ஒருத்தியை மோதிக் கொன்றுவிட்டு ஓடிவருகின்றான். குற்றத்தைத் தோட்டக்காரன் ஏற்கவேண்டும் எனப் பேரம் தொடங்குகின்றது. வழக்கறிஞர் ஒரு தொகை கேட்கின்றார். வழக்கை ஆயவந்த அரசு வழக்கறிஞரும் பங்கு கேட்கின்றார். அவ்வறையில் வெகுளி இல்லை. கணக்கு மட்டும் உண்டு. வெகுளி வாயிலுக்கு வெளியே, மனைவியை இழந்த கணவனிடம் உள்ளது. அது சுத்தியலோடு பாயும்போது வீழ்பவன் முகம் மூடப்பட்ட தோட்டக்காரன். தீங்கிழைத்தோரை வெகுளி விலக்கி, ஏழையைத் தாக்கிற்று. இங்கே நகை அடியோடு அழிகின்றது. அழியவேண்டும் என்றே இயக்குநர் அமைத்துள்ளார். இதன்பின் வரும் திருமணக் கதை, மணமகளின் சினத்தை உவகையில் முடித்து நம்மை வீட்டிற்கு அனுப்புவது. திறமானதெனினும் இவ்வாராய்ச்சிக்குப் புதிதொன்றும் தருவதன்று.

இனித் தமிழ்த் திரைத்தொகைகளுக்கு வருவோம். 2021இல் வெளியான ‘நவரசா’ ஒன்பது சுவைக்கு ஒன்பது படமென வகுத்து, நகைக்கு ஒன்றும் சினத்திற்கு ஒன்றுமாகத் தனித்தனியே நிறுத்தியது. அரவிந்த்சாமி இயக்கிய ‘ரௌத்திரம்’ கடன் கொடுத்தவன்மீது சீறும் சிறுவனைக் காட்டுவது. எலிமருந்துக் கதையோடு ஒப்புநோக்கத் தக்கது. சுவைகளைத் தனித்து நிறுத்தியமையால் அத்தொகை நம் வினாவையே எதிர்கொள்ளாது போயிற்று.

எதிர்கொண்டது 2020 டிசம்பரில் வெளியான ‘பாவக் கதைகள்’. சாதி மானத்தின் பெயரால் நிகழும் கொடுமைகளே அதன் நான்கு படங்களிலும் பெரிதும் பேசப்படுகின்றன. விக்னேஷ் சிவன் இயக்கிய ‘லவ் பண்ணா உட்டறணும்’, ஒரு மகளைக் கொன்றொழித்த தந்தையின் வீட்டில் மற்றொரு மகளின் காதலை வைத்து நகைச்சுவை புனைகின்றது. நடிகர் குறை அன்று. நகையின் நிலைக்களன் பிழைத்தது. கொலையுண்டவள் குற்றமற்றவள். விலை கொடுத்தவள் அவள். கோமாளியாய்ப் பிழைத்திருப்பவன் கொன்றவன். சிஃப்ரானின் ஐந்தாம் கதையில் நகை அழிந்த அதே இடத்தில் இப்படம் நகையைத் தொடங்குகின்றது.

அதே தொகையில் வெற்றிமாறன் இயக்கிய ‘ஓர் இரவு’ இதற்கு நேர்மாறானது. கருவுற்ற மகளை வளைகாப்பென்று சொல்லி வீட்டிற்கு அழைத்துவந்து தந்தை நஞ்சு கொடுக்கின்றான். பிரகாஷ்ராஜ் அதனைச் சீற்றமின்றி, தன்னை இழவாமலே செய்துமுடிக்கின்றார். சாதியால் நிகழும் கொலைகளை ‘ஆத்திரத்தில்’ நிகழ்ந்தன என எழுதுவது நம் செய்தித்தாள்களின் வழக்கம். 2025 ஜூலைத் திங்களில் பாளையங்கோட்டையில் ஓர் இளைஞர் வெட்டுண்டு மாண்டபோதும் அச்சொல் நம் செவியில் விழுந்தது. வெகுளி என்று பெயரிட்டால் அதற்கு ஒரு நிலைக்களன் இருந்ததாகவும் ஆகிவிடும். வெற்றிமாறன் படத்தில் அந்தத் தந்தைக்கு உறுப்பறையும் இல்லை, குடிகோளும் இல்லை, அலையும் இல்லை. இரவு முழுவதும் மகளின் கதவுக்கு வெளியே அவன் அமர்ந்திருக்கின்றான்.