மின்சாரப் பெட்டியும் கதாசிரியனும்

அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பணசாமி சந்நிதிக்கு முன்னால் நின்று பொய் சொல்ல மதுரைச் சீமையில் எவனும் துணியமாட்டான். சந்தனம் பூசிய அந்த மூடிய கதவுகளுக்கு முன்னால், தீராத வழக்குடையவர்கள் சத்தியம் செய்துவிட்டுப் போகிறார்கள். சென்ற மாதம் அங்கேதான் என்னுடைய பொய் ஒன்று எனக்குப் புலப்பட்டது.

என் தம்பியோடு படித்தவர் ஒருவர் எதிர்ப்பட்டார். போன ஆண்டு அவருடைய மனைவி உண்ணாமல், வாய் திறவாமல், சுவரைப் பார்த்தபடியே கிடந்தாராம்.

"டாக்டர் கரண்டு வைக்கணும்னாரு, அண்ணே. எனக்கு உங்க கதைதான் ஞாபகம் வந்துச்சு. வேண்டவே வேண்டாம்னு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்" என்றார்.

அந்தக் கதை எனக்கு நினைவிருந்தது. சொத்துக்காகத் தங்கைக்குப் பைத்தியக்காரப் பட்டம் கட்டும் அண்ணன், கட்டிலோடு பிணைத்த கை கால்கள், பெட்டியிலிருந்து நீளும் கம்பிகள், ஓர் அலறல். எழுதுமுன் ஒரு டாக்டரைக்கூட நான் கேட்கவில்லை. பாராட்டுக் கடிதங்கள் மட்டும் நிறைய வந்தன.

அந்தக் காட்சிக்கு ஆதாரமே இல்லையென்று சொல்லமாட்டேன். 1938-ல் ரோமாபுரியில் செர்லெட்டியும் பினியும் இந்தச் சிகிச்சையைத் தொடங்கியபோது மயக்க மருந்து கிடையாது. வலிப்பின் வேகத்தில் எலும்பு முறிந்தவர்களும் அக்காலத்தில் உண்டு. கென் கீசி 1962-ல் எழுதிய நாவலில், அடங்காத நோயாளிக்கு அது தண்டனையாகவே தரப்படுகிறது. அவருடைய கோபம் நியாயமானது. அதை இரவல் வாங்கி இன்றைய ஆஸ்பத்திரியின்மேல் ஒட்டவைத்தது என் பிழை. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் இதைச் செய்யக்கூடாதென்று தடுத்திருக்கிறது. வலிப்பு ஏறக்குறைய ஒரு நிமிஷத்தில் அடங்கிவிடுகிறது. உணவை மறுத்து உயிர் ஒடுங்குகிறவர்களுக்கு இது விரைவில் உதவக்கூடியது. நினைவில் இடைவெளிகள் விழுவதும் உண்மை; சிலருக்கு அவை நிரம்புவதே இல்லை.

மின்சாரத்தைப் பேயாக்கிய நாம், பேச்சுச் சிகிச்சையைப் பேயோட்டுதலாக்கிவிட்டோம். 2005-ல் வந்த 'சந்திரமுகி'யில் மனநல டாக்டர் ஒரு நாடகம் நடத்துகிறார், வேட்டையனுக்குப் பதிலாக ஒரு பொம்மை அழிகிறது, நோய் தீர்ந்துவிடுகிறது. கொட்டகையில் நானும் கை தட்டினேன். உண்மையிலோ, வாரம் ஒருமுறை, மாதக்கணக்கில், இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசவேண்டியிருக்கிறது. அதில் நமக்குக் காட்சி அகப்படுவதில்லை.

சில்வியா பிளாத் 1963-ல் வெளியிட்ட 'தி பெல் ஜார்' நாவலில் அது அகப்பட்டிருக்கிறது. எஸ்தர் என்ற பெண்ணுக்கு முதலில் ஒரு டாக்டர் அவள் மனத்தை அறியாமலே, முறையாகவும் செய்யாமல், மின்சாரம் செலுத்துகிறார்; அவள் இன்னும் நொறுங்குகிறாள். பின்னால் நோலன் என்ற பெண் டாக்டர் தாமே வந்து சொல்லி, கூடவே நடந்து போகிறார். அவள் விழிக்கும்போது அருகில் நிற்கிறார். அதே சிகிச்சைதான், இப்போது மூட்டம் விலகுகிறது. அப்போதும் பிளாத் மங்களம் பாடிவிடவில்லை. நோய் மறுபடி கவியுமோ என்ற அச்சம் எஸ்தரை விட்டுப் போவதில்லை. இந்த நேர்மை என் கதையில் இல்லை.

கதைதானே என்று தள்ளிவிட முடியுமா? 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். ஆஸ்பத்திரியை நரகமாகக் காட்டும் எழுத்து, பயந்துபோன ஒரு குடும்பத்தை எந்தத் திசையில் அனுப்புகிறது என்று எழுதுகிறவன் யோசிக்கவேண்டாமா?

நண்பரின் அக்கா பிடிவாதம் பிடித்து வேறொரு டாக்டரிடம் அழைத்துப் போனாராம். அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினாராம்.

"இப்போ நல்லா இருக்கா, அண்ணே. வாரா வாரம் மதுரைக்குப் போய் ஒரு அம்மாகிட்டே பேசிட்டு வர்றா. கொழுந்தியா கல்யாணம் மட்டும் அவளுக்கு ஞாபகமில்லை. போட்டோவைக் காட்டிச் சொல்லிக்கிட்டிருக்கேன்."

அதற்குள் அந்த அம்மாளே கோவில் தோசையோடு வந்து, எனக்கும் ஒரு துண்டு பிட்டுக் கொடுத்தார். இதை எழுதலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"பேர் போடாம எழுதுங்க" என்றார். "இந்தத் தடவை விசாரிச்சு எழுதுங்க."