ஆபுத்திரன் கதையும் அறத்தின் அளவுகோலும்

மணிமேகலையின் பாத்திர மரபு கூறிய காதையை ஈகையின் புகழ்ச்சியாக மட்டும் கொள்வது பெருவழக்கு. அவ்வுரை நிறைவுடையதன்று என்பது எம் கருத்து. ஆபுத்திரன் தன்னை எள்ளி நகைத்தமை கண்டு வெகுண்ட இந்திரன், வறண்ட பாண்டிநாட்டில் மழை பொழிவித்தான். நாடு செழித்தது, அமுதசுரபியை நாடுவார் இலராயினர். சினத்திற் பிறந்த செயல் பசியைப் போக்கியது. அருளால் வந்த பாத்திரமோ பயனின்றி நின்றது. செய்வோன் உள்ளம் ஒன்று, செயலின் விளைவு வேறொன்று என்பதனைச் சாத்தனார் ஈண்டுக் காட்டுகின்றார்.

இதன் மறுதலையை வடசென்னையிற் காணலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இராயபுரம் முதலிய கரைகளில் வீடிழந்தோர், திருவொற்றியூர்க் கார்கில் நகர்க் கொட்டகைகளில் தங்கவைக்கப்பட்டனர். 2005-இல் அங்குத் தீயும் பற்றியது. பின்னர்ப் பலர்க்கு நகரின் தென்கோடியாகிய செம்மஞ்சேரியில் அரசு வீடு நல்கியது. நோக்கம் நன்றே. ஆயினும், காசிமேட்டு மீன்துறையை நம்பி வாழ்ந்தார்க்கு அத்துறை எட்டாததாயிற்று. மீன் விற்ற மகளிர் பலர் தொழிலிழந்தனர். வீடு வந்தது, பிழைப்புப் போயிற்று.

ஆதலின், அறத்தை ஈவோர் நெஞ்சால் மட்டும் அளத்தல் அமையாது. ஏற்போர் வாழ்வாலும் அளத்தல் வேண்டும். இவ்வளவுகோலைத் தருதலே இக்காதையின் தனிச்சிறப்பு என்பேம்.