கான் மார்க்கெட்டில் என்ன வாங்கலாம்?

டெல்லிக்குப் போகிறேன் என்று வாய் தவறிச் சொன்னால் போதும், "கரோல்பாக்ல எனக்கு ரெண்டு ஷால்" என்று லிஸ்ட் வந்துவிடும். இன்னும் சில வீடுகளில், "அப்படியே கான் மார்க்கெட்டும் பார்த்துட்டு வா" என்பார்கள். கவனித்தீர்களா... 'பார்த்துட்டு வா'தான். 'வாங்கிட்டு வா' இல்லை!

முதல் தடவை போகிறவர்களுக்கு ஏமாற்றம் நிச்சயம். மெட்ரோவில் வயலட் லைன் பிடித்து அந்தப் பெயருள்ள ஸ்டேஷனிலேயே இறங்கலாம். வெளியே வந்து 'எங்கேப்பா மார்க்கெட்?' என்று தேடுவீர்கள். எஸ்கலேட்டர் கிடையாது, கண்ணாடிக் கோபுரம் கிடையாது. 'ப' வடிவத்தில் ரெண்டு மாடிப் பழைய கட்டடங்கள், இடத்துக்கு முட்டி மோதும் கார்கள், பின்சந்தில் தலைக்கு மேல் ஒயர்களும் ஏ.சி. பெட்டிகளும். நம்ம ரங்கநாதன் தெருவுக்கு சூட்டு கோட்டு போட்டுவிட்ட மாதிரி இருக்கும்.

ஆனால், இந்தியாவிலேயே வாடகை அதிகமான கடைவீதி இதுதான். குஷ்மன் அண்ட் வேக்ஃபீல்ட் என்கிற ரியல் எஸ்டேட் நிறுவனம் உலகத்துக் கடைவீதிகளை வாடகை வைத்து வரிசைப்படுத்துகிறது. 2024-ம் வருடப் பட்டியலில் இதற்கு 22-வது இடம். சதுர அடிக்கு வருடத்துக்கு 229 டாலர். மாதக் கணக்கில், அன்றைய டாலர் விலைக்கு, சுமார் 1,600 ரூபாய். உட்காரும் நாற்காலிக்கு நாலு சதுர அடி என்றால்கூட மாதம் 6,400 ரூபாய் ஆகிறது!

ஆரம்பம் இப்படி இல்லை. பிரிவினையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த வடமேற்கு எல்லை மாகாணத்து அகதிகள் பிழைத்துக்கொள்ளட்டும் என்று 1951-ல் அரசாங்கம் கட்டிக் கொடுத்தது. கீழே 154 கடைகள், மேலே 74 வீடுகள். கீழே வியாபாரம், மேலே குடித்தனம். பெயர்கூட எல்லை காந்தி கான் அப்துல் கஃபார் கானின் அண்ணன் டாக்டர் கான் சாகிப்பின் பெயர்தான். பாகிஸ்தானிலேயே தங்கி, அங்கேயே அரசியல் செய்து, 1958-ல் லாகூரில் கொலையான மனிதர் அவர். இந்து, சீக்கிய அகதிகள் பத்திரமாக எல்லை தாண்ட உதவியவர் என்ற நன்றியில் வைத்த பெயர் என்பார்கள். 2019 தேர்தல் சமயத்தில் பிரதமர் மோடி 'கான் மார்க்கெட் கேங்' என்று சொன்னதும் டெல்லி மேல்தட்டுக்கே அது பட்டப்பெயராகிவிட்டது. முகாம்களில் க்யூ நின்றவர்களுக்காகக் கட்டிய மார்க்கெட் மேல்தட்டுக்கு அடையாளமாக எழுபது வருடம்கூட ஆகவில்லை.

சரி, கடைக்குப் போவோம்.

முதலில் புத்தகக் கடைகள். 1951-லிருந்து ஃபகீர் சந்த், 1953-லிருந்து பஹ்ரிசன்ஸ். இரண்டும் இன்னும் இருக்கின்றன. இங்கேதான் என் பி.காம். புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. ஒரு பேச்சுக்கு 400 சதுர அடிக் கடை என்று வையுங்கள். மார்க்கெட் ரேட்டில் மாத வாடகை 6,40,000 ரூபாய். 500 ரூபாய் புத்தகத்தில் கடைக்காரருக்கு மூன்றில் ஒரு பங்கு நிற்கிறது என்று தாராளமாகவே போடுவோம். வாடகைக்கு மட்டும் மாதம் சுமார் 3,850 புத்தகம், அதாவது தினமும் நூற்று முப்பது பக்கம் விற்றாகணும். சம்பளம், கரென்ட், கரையான் எல்லாம் அப்புறம். முடிகிற காரியமா?

பதில் பத்திரத்தில் இருக்கிறது. இங்கே பழைய கடைகள் பலவும் சொந்த இடத்தில் நடக்கின்றன. தாத்தா காலத்தில் கிடைத்த இடம். வாடகை கொடுக்க வேண்டாம். ஆனால் காலேஜில் எங்களுக்கு 'ஆப்பர்ச்சுனிட்டி காஸ்ட்' என்று ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். வாங்காத வாடகையும் செலவுதான். ஷட்டரை இறக்கிவிட்டு ஏதாவது ஒரு லிப்ஸ்டிக் கம்பெனிக்கு விட்டால் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு லட்சங்களை எண்ணலாம். அதைச் செய்யாமல் ஒரு குடும்பம் தினமும் காலையில் வந்து புத்தகத்தில் தூசு தட்டுகிறது என்றால், அந்தக் கடைக்கு மாதா மாதம் தங்கள் பையிலிருந்து மானியம் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். பேரன் பேத்திகளும் அப்படியே நினைப்பார்களா? அதற்கு கேரன்டி கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், போனால் முதலில் இங்கே போங்க.

ஃபகீர் சந்தில் புத்தகங்கள் கட்டடத்தையே தாங்கிப் பிடித்திருப்பதுபோல அடுக்கியிருக்கும். ஒருவர் உள்ளே வர இன்னொருவர் வயிற்றை எக்க வேண்டும். தேடி எடுக்கிற சுகம் வேண்டுமானால் இது. பஹ்ரிசன்ஸ் வேறு ரகம். மாலகவாலிலிருந்து அகதியாக வந்து, டெல்லி கிங்ஸ்வே கேம்ப்பில் வாழ்க்கையைத் தொடங்கிய பல்ராஜ் பஹ்ரி ஆரம்பித்தது. 2016-ல் அவர் காலமானபோது பத்திரிகைகள் அவரை ஒரு எழுத்தாளருக்குச் சமமாக எழுதின. அரசியல், வரலாறு புத்தகங்களுக்கு இதுதான் இடம். குறை ஒன்று உண்டு. பார்லிமென்ட்டுக்குப் பக்கத்தில் இருப்பதாலோ என்னமோ, நேற்று ரிட்டயரான அதிகாரியின் சுயசரிதைக்குக் கிடைக்கிற மேஜை, நல்ல மொழிபெயர்ப்பு நாவலுக்குக் கிடைப்பதில்லை. தமிழ்? கொஞ்ச தூரத்தில் லோதி எஸ்டேட்டில் தமிழ்ப் பள்ளிக்கூடமே இருக்கிறது. இருந்தும் நம்ம ஆட்களை இங்கே இங்கிலீஷ் வேஷத்தில்தான் சந்திக்க முடியும்.

துணிக்கு அனோகி. 1970-ல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிறுவனம். மரத்தில் செதுக்கிய அச்சை சாயத்தில் தோய்த்துக் கையால் குத்திக் குத்திப் போடுகிற பிரின்ட். பூவுக்குப் பூ கொஞ்சம் நகர்ந்திருக்கும். அந்த நகர்தல்தான் கை பட்டதற்கு அத்தாட்சி. விலை, இந்த மார்க்கெட்டின் வாடகையைப் பார்க்கும்போது, ஆச்சரியமாக நியாயம். ஃபேப் இந்தியாவும் இருக்கிறது. அது உங்கள் ஊரிலும் இருக்கும், தாண்டிப் போங்க.

ஃபாரஸ்ட் எசென்ஷியல்ஸ் மாதிரி ஆயுர்வேத அழகுக் கடைகளில் வாசனை இலவசம். நம்ம பாட்டி நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு துரத்தியபோது ஓடியவர்கள், அதே சமாசாரத்துக்கு இங்கே கார்டு தேய்க்கிறார்கள்.

வீட்டு அலங்காரக் கடை ஒன்றில் (பெயர் வேண்டாம்) எனக்கு ஒரு மரியாதை நடந்தது. ஒரு பித்தளைக் கூஜாவை எடுத்துப் பார்த்தேன். அசல் எங்க வீட்டுப் பரண் கூஜா. விற்பனைப் பையன் முதலில் என் செருப்பைப் பார்த்தான். பிறகு, "சார், அது டெகார் பீஸ்" என்று இந்தியில் சொல்லி, மெல்ல வாங்கி அதே இடத்தில் வைத்தான். மூடியைத் திருகிப் பார்த்தேன் என்பதுதான் என் குற்றம். அதற்குள் காபி ஊற்றிக்கொண்டு நாங்கள் திருப்பதி போயிருக்கிறோம் என்று எப்படி அவனுக்குப் புரிய வைப்பது? விலைச் சீட்டைப் பார்த்தபோது பரணில் இருப்பதைக் கொண்டுவந்து விற்றால் என்ன என்றுதான் தோன்றியது.

காய்கறிக் கடைகளைப் பார்க்க மறக்காதீர்கள். வாங்க இல்லை, பார்க்கத்தான்! தூதரகத்துக்காரர்களை நம்பிக் கடை விரித்தவர்கள். ப்ரோக்கோலியும் அவகாடோவும் நம்ம ஊருக்கு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே இங்கே வந்து உட்கார்ந்துவிட்டன.

மேலே இருந்த குடித்தனங்கள் பெரும்பாலும் காலி. அந்த வீடுகள்தான் இப்போது ரெஸ்டாரன்ட்டும் ஷோரூமும். இது எனக்கு உறுத்துகிறது. சமையலறைக்கும் நாலு பேர் ஏறி இறங்குவதற்கும் கட்டிய குறுகலான படிக்கட்டில், சனிக்கிழமை ராத்திரி கூட்டம் கூட்டமாக ஏறுகிறார்கள். பசியோடு நிற்கும்போது யாரும் தீ விபத்தைப் பற்றி யோசிப்பதில்லை. நீங்கள் யோசியுங்கள். உட்கார்ந்ததும் வெளியே போக இன்னொரு வழி இருக்கிறதா என்று ஒரு தடவை கேளுங்கள். சர்வர் முழிக்கிற முழியில் தெரிந்துவிடும்.

எனக்குக் கீழேயே போதும். கான் சாச்சா 1972-ல் பின்சந்தில் ஒரு பொந்து மாதிரி ஆரம்பித்த கபாப் கடை. இப்போது போர்டு, மேஜை எல்லாம் வந்துவிட்டது. கைக்குட்டை மாதிரி மெலிசான ரூமாலி ரொட்டியில் கபாபைச் சுருட்டித் தருகிறார்கள். 'பழைய ருசி இல்லை' என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். பழைய ருசியை அறியாதவன் என்பதால் எனக்குப் பிரச்னை இல்லை.

காரில் போகாதீர்கள், பார்க்கிங் கிடைப்பதற்குள் கடை மூடிவிடும். மத்தியானம் மூன்று மணிவாக்கில் போய் புத்தகத்தையும் ரோலையும் வாங்கிக்கொண்டு, நடக்கிற தூரத்தில் இருக்கும் லோதி தோட்டத்துக்குப் போய்விடுங்கள். சுல்தான்களின் சமாதிக்கு எதிரே புல்தரை காலியாக இருக்கும், சதுர அடிக்கு ஒரு பைசா வாடகை கிடையாது. கையில் கபாப் எண்ணெய் இருக்கும்போது மட்டும் புதுப் புத்தகத்தைப் பிரித்துவிடாதீர்கள். என் பிரதியில் 43-ம் பக்கம் இன்னும் மணக்கிறது.