கறுப்புச் சிலுவை: இடுகுறியா, காரணக்குறியா?

பிரித்தானியின் பழங்கொடியாகிய ‘குரோவாஸ் தூ’ வெண்களத்தில் கறுப்புச் சிலுவை உடையது. பிரெத்தோன் மொழியில் ‘குரோவாஸ்’ என்பது சிலுவை; ‘தூ’ என்பது கறுப்பு. பெயர் தெளிவாக இருப்பினும் கொடியின் தோற்றம் தெளிவாக இல்லை. 1188-இல் சிலுவைப்போருக்கு உறுதி பூண்டோர் நாட்டுக்கொரு நிறம் ஏற்றனர் என்றும், பிரெத்தோனியருக்குக் கறுப்பு வாய்த்தது என்றும் பொதுநூல்கள் கூறும். அக்கால வரலாற்றாசிரியராகிய ஹவ்டன் ரோஜர் தரும் பட்டியலிலோ பிரெஞ்சியர்க்குச் சிவப்பு, ஆங்கிலேயர்க்கு வெள்ளை, பிளாண்டர்ஸ் படையினர்க்குப் பச்சை என மூன்றே உள்ளன. கறுப்பு, பிற்காலத்தார் நீட்டிய பட்டியலில் வந்து சேர்ந்ததாகவே கொள்ளத்தகும்.

இடுகுறியாக நிற்பதற்குக் காரணம் கற்பிக்கும் இவ்வேட்கை சொற்பிறப்பாய்வில் பழகிய ஒன்றே. நூற்றாண்டுப் போரில் ஆங்கிலேயர் சிவப்புச் சிலுவையையும் பிரெஞ்சியர் வெள்ளைச் சிலுவையையும் அணிந்தனர். அதாவது, 1188-இன் நிறங்கள் இடம் மாறிவிட்டன. 1488-இல் நிகழ்ந்த சேன்-ஒபேன்-து-கோர்மியே போரில், ஆங்கிலத் துணைப்படையைப் பெரிதாகக் காட்டுவதற்காகப் பிரெத்தோனியர் பலருக்குச் சிவப்புச் சிலுவை அணிவிக்கப்பெற்றது. குறி பொய்யும் சொல்லும். கார்ன்வாலின் கொடி கருங்களத்தில் வெண்சிலுவை உடையது. இத்தலைகீழ் அமைப்பைப் பழைய இனவுறவுக்குச் சான்றாக்குவோர், அக்கொடி பற்றி அறியப்பட்ட முதல் வருணனை 1838-இல்தான் கிடைக்கிறது என்பதை எண்ணுவதில்லை.

மொழிபெயர்ப்பாளர் இடறும் இடம் வேறு. பிரெஞ்சுச் சின்னவியல் நடையில் இக்கொடியின் வெள்ளை ‘அர்ழான்’ எனவும் கறுப்பு ‘சாபிள்’ எனவும் வழங்கும். அகராதியை மட்டும் நம்புவோர்க்கு முன்னது வெள்ளி அல்லது பணம், பின்னது மணல். கறுப்புச் சிலுவை மணற்சிலுவையாகிவிடும்! உண்மையில் நிறப்பெயரான ‘சாபிள்’ ஒரு விலங்கின் கரிய மென்மயிர்த் தோலின் பெயரினின்று வந்தது. மணலோடு அதற்குள்ளது ஒலியொற்றுமையே. 1316-இல் மூன்றாம் ழான் கோமகன் கேடயம் முழுதும் ஏற்ற ‘எர்மின்’ இன்னும் சிக்கலானது. விலங்கு, அதன் வெண்தோல், அத்தோலில் பொறித்த கரும்புள்ளி ஆகிய மூன்றையும் அச்சொல் ஒருங்கே சுட்டும். ஒரே தமிழ்ச்சொல்லால் மூன்றையும் பெயர்க்க முயல்வது வீண்.

மோர்வான் மர்ஷால் 1923-இல் வரைந்த ‘குவென்-ஹா-தூ’ கொடிக்கோ காரணம் ஐயமின்றித் தெரியும். காலோ மொழி வழங்கிய கிழக்கின் ஐந்து மறைமாவட்டங்களுக்குக் கறுப்புப் பட்டைகள்; பிரெத்தோன் வழங்கிய மேற்கின் நான்கிற்கு வெள்ளைப் பட்டைகள். பெயரில் வெள்ளையே முன் நிற்கிறது. தமிழ் வழக்குக்கேற்பக் ‘கறுப்பு வெள்ளை’ என மாற்றினால் படத்தின் நினைவே வரும். ‘வெள்ளையும் கறுப்பும்’ என்பதே தகும். ‘ஹா’ என்னும் இடைச்சொல்லுக்கும் அதில் ‘உம்’ கிடைத்துவிடுகிறது.