கண்ணின் நிறம்

ஒருவரைச் சந்திக்கும்போது அவர் கண்ணின் நிறம்கூட நமக்குத் தெரியாமல் போவதே நல்ல சந்திப்பு என்று கருதியவர் எம்மானுவேல் லெவினாஸ். லித்துவேனியாவில் பிறந்த யூதத் தத்துவவாதி. பெற்றோரையும் தம்பியரையும் நாஜிகளுக்குப் பறிகொடுத்தவர். 1961இல் வந்த ‘முழுமையும் முடிவிலியும்’ நூலில், கொல்லக்கூடாது என்ற கட்டளை அடுத்தவர் முகத்திலேயே இருக்கிறது என்றார். மூக்கு இப்படி, நெற்றி இப்படி என்று அளக்க ஆரம்பித்தால் முகம் வெறும் பொருளாகிவிடும். சரி, அளப்பதே பிழைப்பான ஓவியர் என்ன செய்வார்?

நம் சிற்றோவிய மரபைப் புரட்டிப் பார்க்கலாம். குஜராத்தின் சமணச் சுவடிகளில், முகம் பக்கம் திரும்பினாலும் மறுகண் கன்னத்தைத் தாண்டித் துருத்தி நிற்கும். வேடிக்கைதான், ஆனால் ஒரு கண்ணை மறைத்துவிட அந்த ஓவியர்களுக்கு மனம் வரவில்லை. ராஜஸ்தானின் கிஷன்கட் முகங்கள் என்னை அவ்வளவாக ஈர்த்ததில்லை. நிஹால் சந்த் வரைந்ததாகச் சொல்லப்படும் ‘பனி தனி’ ஓவியத்தின் நீள்விழி அழகுதான். அந்த அழகே அச்சாகி, ராதைக்கும் தோழிக்கும் ஒரே முகம் வந்துவிட்டது.

முகலாயர் சித்திரக்கூடத்தில் முகம் எழுதுவது தனி வேலை. அக்பர்நாமா ஏடுகளின் ஓரக்குறிப்புகளில் கோடு போட்டவர் ஒருவர், வண்ணம் தீட்டியவர் இன்னொருவர். சில ஏடுகளில் முகத்துக்கென்றே மூன்றாமவர். ஒரு முகத்தில் கண்ணையும் புருவத்தையும் மட்டும் வேறு கை வரைந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று ஜஹாங்கீர் தன் நினைவுக்குறிப்பில் மார்தட்டுகிறார். சாயல் பிசகக் கூடாது. அங்கே தரம் என்றால் அதுதான்.

1618இல் இனாயத் கான் என்ற அரசவை அதிகாரி, ஆக்ரா போக விடைபெற வந்தார். அபினும் மதுவும் அவரை உருக்குலைத்திருந்தன. எலும்புக்குமேல் தோல் மட்டுமே போர்த்திய உடலைக் கண்டு திகைத்த பேரரசர் ஜஹாங்கீர், உடனே ஓவியர்களை வரையச் சொன்னார். வழிச்செலவுக்கு 2000 ரூபாயும் கொடுத்தார். இனாயத் கான் பிழைக்கவில்லை.

அப்படி வரைந்தவற்றில் வண்ண ஓவியம் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. கோட்டோவியம் பாஸ்டன் அருங்காட்சியகத்தில். என் ஓட்டு கோட்டோவியத்துக்கு. வண்ண ஓவியத்தில் துணியும் திண்டும் கண்ணைப் பறிக்கின்றன; கோட்டோவியத்திலோ திறந்த மார்பின் விலா எலும்புகளை விட்டு நகர முடிவதில்லை. அங்கிருந்து மேலே போனால் பக்கவாட்டு முகம், குழிவிழுந்த கண். அவர் நம்மைப் பார்க்கவில்லை. பார்த்துப் பார்த்து வரைந்தவரையும் பார்க்கவில்லை. அந்தக் கண் என்ன நிறம் என்று கேட்டால், கோட்டோவியத்தில் பதில் இல்லை.