எந்த உளச்சிகிச்சை, யாரிடம்?

மனச்சோர்வு, பதற்றம் என்று போனால் இன்று பலருக்கும் முதலில் பரிந்துரைக்கப்படுவது சிபிடி எனப்படும் சிந்தனை-நடத்தைச் சிகிச்சை. அதற்கு அடித்தளமிட்ட அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக், உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றவர். மனச்சோர்வு நோயாளிகள் தம்மைத் தாமே ஓயாமல் குறை சொல்லிக்கொள்வதைக் கவனித்த அவர், 1960களில் அந்த எண்ணங்களையே சிகிச்சையின் களமாக்கினார்.

இதன் பலம் தெளிவு. 'மேலாளர் என் வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை. வேலை போகப்போகிறது' என்று ஒருவர் தாளில் எழுதுகிறார். அதற்கு ஆதாரம் என்ன, வேறு காரணம் இருக்குமா என்று பக்கத்துக் கட்டங்களை நிரப்ப நிரப்பப் பயத்தின் பிடி தளர்கிறது. பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வுகள் போதும் என்பதால் செலவும் கட்டுக்குள் நிற்கும். கை கழுவிக்கொண்டே இருக்கும் ஓசிடி (எண்ணச் சுழற்சி நோய்) நோயாளியைக் கதவுப் பிடியைத் தொடவைத்து, கழுவாமலே பதற்றம் அடங்கும்வரை இருக்கப் பழக்குவதும் இந்த மரபின் கொடைதான். ஆறுதல் பேச்சு மட்டும் அங்கே எடுபடாது.

ஆனால் எல்லாத் துயரமும் சிந்தனைக் கோளாறல்ல. குடித்துவிட்டு அடிக்கும் கணவனோடு வாழும் பெண்ணின் அச்சம் முழுக்க நியாயமானது. எண்ணத்தை மாற்றிக்கொள் என்று அவளிடம் சொல்வது, பழியை அவள் தலையிலேயே சுமத்துவதாகும். அவளுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. சிறுவயதுக் காயங்களைச் சுமப்பவருக்கோ கட்டங்கள் போதாமல் போகலாம். நீண்ட உரையாடல் தேவைப்படும். உளப்பகுப்பாய்வு மரபு அதற்கு இடம் தருகிறது, காலமும் பணமும் அதிகம் கேட்டாலும்.

முறை மட்டுமே எல்லாம் அல்ல. வெவ்வேறு முறைகள் ஒத்த பலன் தருவதற்கு அவற்றின் பொதுக்கூறுகள் காரணமாகலாம் என்று 1936இலேயே உளவியலாளர் சால் ரோசன்ஸ்வைக் எழுதினார். பரிவும் ஒளிவின்மையும் நிபந்தனையற்ற ஏற்பும்தான் மாற்றத்துக்கு அடிப்படை என்றார் உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ். சிகிச்சையாளரோடு அமையும் நம்பிக்கை பலனோடு தொடர்புடையது என்பதைப் பிற்கால ஆய்வுகளும் காட்டுகின்றன.

ஆகவே முறையையும் ஆளையும் சேர்த்தே எடைபோட வேண்டும். குறுகிய காலப் பயிற்சியோடு 'கவுன்சலர்' பலகை மாட்டியவர்கள் நம் ஊரில் உண்டு. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். என் சிக்கலுக்கு ஏன் இந்த முறை, எத்தனை அமர்வு, பலன் இல்லையென்றால் அடுத்து என்ன என்றும் கூசாமல் கேளுங்கள். இவற்றுக்கு எரிச்சல்படுபவரையும், சிகிச்சை என்ற பெயரில் சாதி, மதம், கல்யாணம் பற்றி உபதேசிப்பவரையும் விட்டு விலகுங்கள். ஒருவர் ஒத்துவரவில்லை என்பதற்காகச் சிகிச்சையையே கைவிட வேண்டாம். உயிரை விடும் எண்ணம் எழுந்தால் காத்திருக்காதீர்கள்: 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.