உடனுண்டல் : பழந்தமிழ்ப் பாடல்களில் ஒரு மறந்த பொருள்

சங்கப் பாடல்களில் உணவு வரும் இடங்களை ஆராய்ந்தோர் அவற்றைப் பெரும்பாலும் இரு தலைப்புகளில் அடக்குவர். ஒன்று விருந்தோம்பல், மற்றொன்று கொடை. இரண்டும் தக்க தலைப்புகளே. ஆயினும் இரண்டிலும் நம் பார்வை இடுவோன்மீதே நிற்கிறது. சோறு யாருடையது, அதனை அளித்தவன் எத்துணைப் பெரியன் என்பனவே வினாக்கள் ஆகின்றன. உண்டவர் எவர், எவருடன் இருந்து உண்டனர் என்னும் வினா எழுவதில்லை. அதனை எழுப்பினால் மூன்றாவதாக ஒரு பொருள் புலப்படும். தனக்கு உரியாரோடு ஒருங்கிருந்து உள்ளதைப் பகிர்ந்துண்ணும் அப்பொருளை ஈண்டு உடனுண்டல் எனக் குறிப்போம்.

இப்பகுப்பு வெறுஞ்சொல் விளையாட்டன்று. ஆற்றுப்படை நூல்களின்மீதும் பாடாண் பாடல்களின்மீதும் நெடுங்காலமாக ஒரு குற்றச்சாட்டு உண்டு. அவை வயிற்றுக்காகப் பாடிய பாட்டுகள் என்றும், ஊனும் கள்ளும் கிடைத்த இடத்தில் புகழ் விற்கப்பட்டது என்றும் கூறுவர். வகுப்பறையிலும் இக்கருத்து அடிக்கடி தலைகாட்டுகிறது. கொடை என்னும் தலைப்பில் மட்டும் இப்பாடல்களைப் படிப்போமாயின், அக்குற்றச்சாட்டுக்கு விடை கூறுதல் அரிது. உடனுண்டல் என்னும் பொருளை உணர்ந்து படித்தால் விடையைப் பாடல்களே தந்துவிடுகின்றன. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். விருந்து என்பதன் அடிப்படைப் பொருள் புதுமை. தொல்காப்பியச் செய்யுளியல் புதுவதாகப் புனைந்த யாப்பினை விருந்து என வழங்குவதும் இதனாலேயே. புதியராய் வந்தாரை ஓம்புதல் விருந்தோம்பல் ஆயிற்று. ஆகவே நாள்தோறும் உடன் வாழும் சுற்றத்தோடு உண்ணுதல் விருந்தோம்பல் ஆகாது. வறியார்க்கு ஈதலும் ஆகாது. திருவள்ளுவர் இவ்வேறுபாட்டை நன்கு அறிந்தவர். இல்வாழ்வான் பேணுதற்குரிய ஐவகையினரைக் கூறும் 43-ஆம் குறளில் விருந்தினரையும் ஒக்கலையும் தனித்தனியே எண்ணுகின்றார். அதிகார வைப்பிலும் விருந்தோம்பல் 9-ஆவதாகவும், ஈகை 23-ஆவதாகவும், சுற்றந்தழால் 53-ஆவதாகவும் வெவ்வேறு நிற்கின்றன. காக்கை தன் இனத்தைக் கரைந்தழைத்து உண்ணும் உவமை விருந்தோம்பலிலோ ஈகையிலோ வாராது சுற்றந்தழாலில் வருதல் நோக்கற்பாலது. தனித்துண்டல் இரத்தலினும் கொடிது என்னும் கருத்தோ ஈகை அதிகாரத்தில் இடம்பெறுகிறது. இடுதலும் உடனுண்டலும் ஒன்றையொன்று தொட்டு நிற்பினும் ஒன்றல்ல என்பது இதனால் விளங்கும்.

இனிப் பாடல்களுக்கு வருவோம். நல்லூர் நத்தத்தனார் நல்லியக்கோடன்மீது பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளை உடையது. அதில் பாணன் தன் பழைய வறுமையைக் கூறும் பகுதி பலராலும் பாராட்டப்பெறுவது. அடுக்களையில் நாய் குட்டி ஈன்று கிடக்கிறது. கண் திறவாத குட்டிகள் பால் வற்றிய தாயிடம் முட்டுகின்றன. கூரை சிதைந்திருக்கிறது, சுவரில் கறையான் மண் எடுத்திருக்கிறது. பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளிவந்து உப்பின்றி வேகவைக்கிறாள். புறங்கூறுவோர் கண்டுவிடுவரே என நாணிக் கதவை அடைக்கிறாள். அதன்பின் தன் பெருஞ்சுற்றத்தோடு கூடியிருந்து அதனை உண்கிறாள்.

இப்பகுதியை வறுமையின் ஓவியம் எனக் கூறி நிறுத்திக்கொள்வது வழக்கம். ஆனால் இறுதிச் செயலை உற்றுநோக்குதல் வேண்டும். கதவு யாருக்கு அடைக்கப்பட்டது? புறங்கூறும் அயலார்க்கு. யாருக்கு அடைக்கப்படவில்லை? சுற்றத்துக்கு. உப்பற்ற கீரை ஒருவர் வயிற்றுக்கே போதாது. அதனை அவள் மறைவிற் கொண்டுபோய்த் தான் மட்டும் உண்டிருக்கலாம். தன் பிள்ளைக்கு மட்டும் கொடுத்திருக்கலாம். புலவர் அவ்வாறு பாடவில்லை. நாணத்துக்குரியது உணவின் இழிவே; பகிர்தல் நாணத்துக்குரியது அன்று. உப்பும் அற்றுப்போன வீட்டில் உடனுண்டல் மட்டும் அற்றுப்போகவில்லை. இதுவே அப்பகுதியின் உயிர்நிலை என்க.

இதனை உணர்ந்த பின்னரே, நல்லியக்கோடன் விருந்து எதற்குப் பாடப்பட்டது என்பது விளங்கும். வீமனது மடைநூல் நெறியில் சமைத்த உணவைப் பொற்கலத்தில் இட்டு அவன் தானே நின்று ஊட்டுகிறான். முன்னர்க் கண்ட கீரைக்கும் இவ்வுணவுக்கும் உள்ள வேற்றுமை சுவையிலும் கலத்திலும் உள்ளது. ஆனால் உண்ணும் முறையில் வேற்றுமை இல்லை. அங்கும் சுற்றத்தோடு உண்டனர். இங்கும் சுற்றத்தோடு வந்தவரே உண்கின்றனர். பாணர்க்கு உடனுண்ணும் பண்பை அரசன் கற்பிக்கவில்லை. அஃது அவர்கள் இல்லத்திலிருந்தே வந்தது. அரசன் அதற்குத் தக்க கலத்தை நல்கினான். இவ்வாறு காணும்போது பாணன் இரவலனாக மட்டும் நில்லாமல், ஓர் அறத்தை உடன்கொண்டு வருவோனாகவும் தோன்றுகிறான்.

முடத்தாமக்கண்ணியாரின் பொருநராற்றுப்படையில் இப்பண்பு நகைச்சுவையோடு இயைகிறது. கரிகாலன் பொருநரைத் தன் அருகில் இருத்தி, வேண்டா எனினும் விடாது, மேன்மேலும் ஊன் தந்து ஊட்டுகிறான். நாட்பல ஊன் தின்றமையால் கொல்லை நிலத்தை உழுத கொழுப்போலப் பற்கள் மழுங்கினவாம். இவ்வுவமையைப் பெருந்தீனியின் சான்றாகக் கொள்வார் உளர். ஆனால் இதனை அடுத்து நிகழ்வது யாது? பொருநன் தன் சுற்றத்தை நினைந்து ஊர்செல்ல விடை வேண்டுகிறான். வயிறே குறிக்கோளாயின், ஊன் குறையாத இடத்தை விட்டுச் செல்லுதற்கு அவனுக்குக் காரணம் இல்லை. அவ்வளவு உணவும் சுற்றத்தின் நினைவை அழிக்கவில்லை என்பதே புலவர் உணர்த்துவது.

புறநானூற்றில் இக்கருத்துக்கு மூன்று பாடல்கள் தூண்களாக நிற்கின்றன. முதலாவது, அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய 235-ஆம் பாடல். கள் சிறிதாயின் அதனை எமக்கே தருவான். பெரிதாயின் யாம் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான். சோறு சிறிதாயினும் கலம் பல. பெரிதாயினும் கலம் பல. ஔவையார் கொடையின் அளவைக் கூறாது, குறைந்தபோதும் மிகுந்தபோதும் மாறாத ஒரு முறையையே கூறுகிறார். சிறுசோற்றிலும் கலம் பலவாதல் கொடைஞனின் செல்வத்தைக் காட்டாது. உடனுண்போர் தொகையையே காட்டும். இன்னும் ஒரு நுட்பம் உண்டு. கள் மிகுந்த காலத்து அவன் விலகியிருந்து வழங்கவில்லை. பாடுவோரோடு தானும் உண்டான். வள்ளலை இழந்த இரவலரின் கையறுநிலையினும், உடனுண்ட ஒருவனை இழந்தாரின் கையறுநிலையாகவே இப்பாடல் ஒலிப்பது இதனாலேயாம்.

இரண்டாவது, பெருஞ்சித்திரனார் தம் மனைவிக்குக் கூறிய 163-ஆம் பாடல். முதிரமலைத் தலைவனாகிய குமணன் நல்கிய வளத்தைக் கொணர்ந்த புலவர், நின்னை விரும்பியவர்க்கும், நீ விரும்பியவர்க்கும், நின் சுற்றத்து மகளிர்க்கும், நம் பசி தீரக் கடன் தந்தவர்க்கும், இன்னார் எனப் பாராமல், என்னையும் கேளாமல் எல்லார்க்கும் கொடு என்கிறார். இப்பட்டியலில் முன்னிற்போர் அறியாத விருந்தினர் அல்லர். நட்பினரும் உறவினரும் அண்டை வீட்டாருமே. பகிரும் உரிமை முழுவதும் மனைவியின் கையில் ஒப்படைக்கப்படுதலும் கருதத்தக்கது. வள்ளலின் செல்வம் புலவன் வீட்டு வாயிலில் நின்றுவிடாது தெருமுழுதும் பரவுகிறது.

இப்புலவர் பசியை அறியாதவர் அல்லர். 160-ஆம் பாடலில், சோறில்லாத கலத்தைத் திறந்து பார்த்து அழும் தம் புதல்வனையும், புலியைக் கூறி அச்சுறுத்தியும் திங்களைக் காட்டியும் அவனைத் தேற்ற முயலும் மனைவியையும் அவரே நம் கண்முன் நிறுத்தியுள்ளார். அத்தகையவர் 208-ஆம் பாடலில் யாது செய்கிறார்? அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரிற் காணாது அனுப்பிய பரிசிலை ஏற்க மறுக்கிறார். முகங்காணாது தந்ததைக் கொள்ளுதற்குத் தாம் வணிகர் அல்லர் என்றும், தகுதி அறிந்து தருவதாயின் தினையளவே ஆயினும் இனிது என்றும் கூறுகிறார். வயிற்றுப் பாட்டு என்னும் குற்றச்சாட்டுக்கு இதனினும் தெளிந்த மறுப்பு வேண்டுவதில்லை. பொருள் வந்தது, முகம் வரவில்லை. முகம் இல்லாத பொருள் விலைப்பொருளாகிவிடுகிறது என்பது புலவர் கருத்து.

மூன்றாவது, கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதியின் 182-ஆம் பாடல். உலகம் நிலைபெறுதற்குக் காரணமானோரை எண்ணத் தொடங்கிய அவ்வரசர், அமிழ்தம் கிடைப்பினும் தனித்து உண்ணாதவரை முதற்கண் வைக்கின்றார். கிடைத்தற்கு அரியதாய், உண்டாரைச் சாவாமற் காப்பதாய்க் கூறப்படும் உணவு அமிழ்தம். அதனையும் தனித்துண்டல் ஆகாது என்றால், உயிர் நீட்டிப்பினும் உடனுண்டல் பெரிது என்பது பெறப்படும்.

இக்கருத்தின் முழுவளர்ச்சியை மணிமேகலையில் காண்கிறோம். ஆபுத்திரன் கையில் இருந்தது எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி. வணிகர் மரக்கலம் அவனை மணிபல்லவத்தில் விட்டுச் சென்றது. ஆளில்லாத அத்தீவில் அவன் பசியின்றி வாழ்ந்திருக்கலாம். ஆனால் பல உயிரைக் காத்த கலத்தைக் கொண்டு தன்னுயிர் ஒன்றையே காத்தலை அவன் மனம் ஏற்கவில்லை. கலத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் துறந்தான். இது துறவின் பயனாக மட்டும் விளைந்த முடிவன்று. உடனுண்ணற்கு ஒருவரும் இல்லாத இடத்தில் குறையாத உணவும் உணவாகாது என்னும் முடிவும் ஆகும். அன்னம் பெருகுதல் அறமாகாது. கலத்தைச் சூழ மக்கள் இருத்தலே அறம் என்பதைச் சாத்தனார் கதையாக்கிக் காட்டினார்.

இங்கு ஒரு தடை எழலாம். பழந்தமிழர் எல்லாரும் எல்லாரோடும் சமமாய் இருந்து உண்டனரோ எனின், அவ்வாறு கூறுதற்கு இடமில்லை. குறுந்தொகை 167-ஆம் பாடலில் தலைவி தயிர் பிசைந்த விரலைத் துடைத்த துகிலோடு, தாளிப்புப் புகை கண்ணிற்படப் புளிக்குழம்பு அட்டு இடுகிறாள். தலைவன் இனிது என உண்கிறான். அவள் முகம் நுண்ணிதாய் மகிழ்கிறது. அவள் உடனுண்டாள் எனப் பாட்டு கூறவில்லை. அரசவையிலும் இடுவோன் உயரத்தில் இருக்கிறான். ஏற்போன் அவன் அருளை நோக்கியே நிற்கிறான். இவ்வெல்லைகளை மறைத்துப் பண்டைக்காலத்தைப் பொற்காலமாகப் புனைதல் ஆராய்ச்சி ஆகாது. ஆயினும் எல்லையுடையது என்பதனால் ஒரு விழுமியம் இல்லை என்றாகிவிடாது. கிணைமகளின் அடுக்களையிலும் ஔவையின் கையறுநிலையிலும் அது ஐயத்துக்கு இடமின்றி நிற்கிறது.

திருக்குறள் காமத்துப்பாலின் 1107-ஆம் குறள் இதற்கு அழகிய சான்று. காதலியைத் தழுவும் இன்பத்துக்குத் தம் இல்லில் இருந்து தம் பொருளைப் பகுத்துண்ணும் இன்பமே உவமையாகிறது. பரிமேலழகர் ஈண்டும் இல்வாழ்வானின் கடமைப் பட்டியலை நினைந்து உரை காண்கிறார். அவ்வுரை பொருந்துவதே. ஆயின் வள்ளுவர் இங்குக் கடமையைக் கூற வரவில்லை, இன்பத்தைக் கூறவந்தார். தெரிந்த ஓர் இன்பத்தைக் கொண்டே தெரியாத இன்பத்தை விளக்குதல் உவமையின் இயல்பு. ஆகவே பகுத்துண்டல் அக்காலத்தார்க்கு நன்கு தெரிந்த இன்பமாய் இருந்தது என்பது துணிபு.

இறுதியாக ஒன்று. விலைக்கு உணவு விற்றல் புதியதன்று. அப்பஞ் சுடும் கூவியரைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. பண்ணியம் விற்போரை மதுரைக்காஞ்சி காட்டுகிறது. இன்று உறவினரும் நண்பரும் உணவகத்தில் கூடியுண்டல் நம் வாழ்க்கையின் ஓர் உறுப்பாகிவிட்டது. இக்காலக் கதைகளிலும் அக்காட்சி இடம்பெறுகிறது. இல்லத்தில் அட்ட உணவு அன்றாதலின் அதனை இழிந்தது என ஒதுக்குவாரும் உளர். பெருஞ்சித்திரனார் தந்த அளவுகோல் அதுவன்று. பொருளோடு முகம் வந்ததா என்பதே அவர் கேட்டது. சமைத்தவர் யாராயினும், விலை கொடுத்தவர் யாராயினும், ஒரு கலத்தைச் சூழ இருந்தோர் ஒருவரையொருவர் கண்டு உண்டனராயின் அஃது உடனுண்டலே. இல்லத்திலிருந்தும் முகம் நோக்காது உண்பாராயின் அது தனித்துண்டலே.

உணவுக் காட்சி வரும் இலக்கியம் பழையதாயினும் புதியதாயினும், ஆராயப் புகும் மாணவர் மூன்று வினாக்களைக் கேட்டல் நன்று. உணவு குறைந்தபோது கலம் குறைந்ததா? உண்டவன் இல்லாதவரை நினைந்தானா? தந்தவன் பெற்றவன் முகத்தைக் கண்டானா? இவற்றுக்கு விடை தேடிப் படித்தால், ஆற்றுப்படைகள் இரவலர் பாட்டு என்னும் எளிய முடிவைக் கடந்து, அவற்றைப் பாடினோரின் தலைநிமிர்வைக் காண்போம்.